மின்னல் முதல் இடி வரை: டெலிமீட்டர் குரோனோகிராஃப் கைக்கடிகாரத்தால் தொலைவை அளப்பதற்கான முழு வழிகாட்டி

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் எனத் தமிழ் பேசும் ஊர்கள் எல்லையை ஒட்டிக் கிடக்கின்றன. சித்திரை, வைகாசியிலும், மலையாளத்தில் துலாம் எனப்படும் ஐப்பசியிலும் இங்கே பிற்பகல் சாய்ந்ததும் இடி முழங்கத் தொடங்கும். வயலில் வேலை செய்பவருக்கும் பனையேறுபவருக்கும் அப்போது எழும் முதல் கேள்வி, அந்த இடி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, நெருங்குகிறதா விலகுகிறதா என்பதுதான். அந்தக் கேள்விக்கு எண்ணாக விடை தரும் கருவி ஒன்று நூறாண்டுக்கும் மேலாகக் கைக்கடிகாரத்தின் முகப்பிலேயே அச்சாகி வருகிறது. டெலிமீட்டர் அளவுகோல் என்பது அதன் பெயர். பழைய பாணியில் இன்று வெளிவரும் குரோனோகிராஃப் கடிகாரங்கள் (பொத்தானை அழுத்தி ஓடவும் நிற்கவும் செய்யும் தனி வினாடி முள் உள்ளவை) பலவற்றில் இந்த அளவுகோல் இருக்கிறது. ஆனால் வாங்குவோரில் பெரும்பாலோர் அதை அழகுக்கான அச்சு என்றே எண்ணிவிடுகிறார்கள். முறையாகப் பயன்படுத்தினால் சில நூறு மீட்டர் வேறுபாட்டுக்குள் தொலைவைச் சொல்லக்கூடிய அளவுகோல் அது.

இது எப்படி அளக்கிறது

ஒளி கண்ணுக்கு உடனே வந்து சேர்கிறது. பத்து கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஒரு வினாடியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு போதும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. ஒலியோ ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று வினாடி எடுத்துக்கொள்கிறது. ஆகவே கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் முடிகிற எந்த நிகழ்ச்சிக்கும், ஒளியைக் கண்ட கணத்துக்கும் ஒலியைக் கேட்ட கணத்துக்கும் இடைப்பட்ட வினாடிகளே தொலைவாகின்றன. முதல் உலகப் போர்க் காலத்தில் எதிரியின் பீரங்கி வாயில் தெறிக்கும் நெருப்பையும் பின்னர் வரும் வெடியோசையையும் கொண்டு தொலைவைக் கணிக்க இந்த முறை பயன்பட்டது. போருக்குப் பின்னும், குறிப்பாக 1930களிலும் 40களிலும், சுவிஸ் கடிகாரங்களின் முகப்பில் அது தொடர்ந்து இடம்பெற்றது.

அக்காலத்து முகப்புகளில் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்கள் சேர்ந்தே இருக்கும். வெளி விளிம்பில் 1 முதல் 20 வரை சீரான இடைவெளியில் ஏறுவது டெலிமீட்டர். நடுவில் நத்தை ஓடு போலச் சுருண்டு கிடப்பது டாக்கிமீட்டர். டாக்கிமீட்டர் வேகத்தை அளப்பது, அதன் எண்கள் முள் சுற்றச் சுற்றக் குறைந்துகொண்டே வரும். எண்கள் ஏறினால் தொலைவு, இறங்கினால் வேகம் என்று நினைவில் வைத்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ள நேராது.

முதல் படி: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முகப்பின் அழகைப் பார்ப்பதற்கு முன் அளவுகோலைப் பாருங்கள். 60 வினாடிக் குறிக்கு நேராக என்ன எண் நிற்கிறது? சரியாக 20 என்றால், அந்த அளவுகோல் ஒலியின் வேகத்தை வினாடிக்கு 333 மீட்டராகக் கொண்டு அச்சிடப்பட்டது. 15 வினாடிக்கு 5, 30 வினாடிக்கு 10 எனக் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தும். 10 என்ற எண் 30 வினாடிக் கோட்டுக்குச் சற்று முன்னதாகவே, ஏறத்தாழ இருபத்தொன்பதரை வினாடியில் வந்துவிட்டால், வினாடிக்கு 340 மீட்டர் என்ற கணக்கில் அமைந்தது. இரண்டும் சரியான அளவுகோல்களே. ஆனால் உங்களிடம் இருப்பது எது என்று தெரியாமல் பின்னால் சொல்லப்போகும் வெப்பநிலைத் திருத்தத்தைச் செய்ய முடியாது. சில கடிகாரங்களில் அளவு மைலில் இருக்கும். அவற்றில் 60 வினாடிக்கு நேராக 12 அல்லது 13க்குப் பக்கத்து எண் வரும்.

உண்மையான பழைய கடிகாரத்தை வாங்குவதானால் இந்தச் சோதனை இன்னும் முக்கியமாகிறது. நம் நாட்டுச் சந்தையில் மங்கிய டயலுக்குப் புதுப் பூச்சு கொடுத்து, எழுத்துகளை மறுபடி அச்சிட்டு விற்பது நெடுநாள் வழக்கம். அப்படி அச்சிட்ட டயலில் டெலிமீட்டர் கோடுகள் வினாடிக் கோடுகளோடு பொருந்தாமல் நிற்பதைக் காணலாம். அதை நம்பி அளப்பதில் பொருளில்லை. 1930, 40களின் முகப்புகளில் இருளில் ஒளிரும் எண்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு பயன்பட்டது என்பதையும் அறிந்திருங்கள். ஒளிர்வது நின்றுபோனாலும் அதன் கதிரியக்கம் நிற்பதில்லை. அத்தகைய கடிகாரத்தை வீட்டில் பிரிப்பதோ எண்களைச் சுரண்டித் துடைப்பதோ கூடாது.

புதிதாகச் செய்யப்பட்ட பழைய பாணிக் கடிகாரங்களே அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றவை என்பது என் முடிவு. அவற்றில் கைச்சாவி வகையாக அதிகம் காணப்படுவது, சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175 இயந்திரத்தின் வழியில் வந்த சீனத்துச் சீகல் எஸ்டி19. தானாகச் சாவி ஏறும் வகையில் 1970களில் அறிமுகமான வால்ஜூ 7750உம் அதன் வழித்தோன்றல்களும் பரவலானவை. முதலாவது மணிக்கு 21,600 முறையும் இரண்டாவது 28,800 முறையும் துடிக்கின்றன. அதாவது குரோனோகிராஃப் முள் வினாடிக்கு முறையே ஆறு தாவலாகவும் எட்டுத் தாவலாகவும் நகரும். ஒலி ஒரு தாவலில் ஏறத்தாழ 58 மீட்டரும் 44 மீட்டரும் கடந்துவிடும். பழைய 18,000 துடிப்புக் கடிகாரங்களில் அது 70 மீட்டர். இதைவிட நுண்ணிய விடையை அந்தந்தக் கடிகாரத்திடம் எதிர்பார்க்க முடியாது. இடியின் தொலைவை அறிய இந்த மூன்றுமே தாராளமாகப் போதும். ஆகவே துடிப்பின் எண்ணிக்கைக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

பொத்தான்களை அழுத்திப் பார்த்து வாங்குங்கள். மேல் பொத்தான் தொடக்கவும் நிறுத்தவும், கீழ்ப் பொத்தான் முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவரவும் பயன்படுகின்றன. குரோனோகிராஃபை இயக்கி நிறுத்தும் உறுப்பாகத் தூண்சக்கரம் உள்ள இயந்திரத்தில் அழுத்தம் பொதுவாக மென்மையாகவும் ஒரே சீராகவும் இருக்கும். அதற்குப் பதில் கேம் என்ற வளைவான தகடு உள்ள வகையில் தொடக்கத்துக்குச் சற்று அதிக விசை வேண்டியிருக்கலாம், அது குறையன்று. ஆனால் சுழியத்துக்குத் திரும்பிய முள் 12க்கு நேராக நிற்காமல் பக்கத்தில் சாய்ந்து நின்றால், அந்தச் சாய்வு ஒவ்வொரு அளவீட்டிலும் பிழையாகச் சேரும். அத்தகைய கடிகாரத்தைச் சரிசெய்யாமல் ஏற்காதீர்கள்.

இரண்டாம் படி: அளப்பதற்கு முன் கடிகாரத்தைத் தயார் செய்வது

கைச்சாவிக் கடிகாரத்துக்கு நாள்தோறும் ஒரே வேளையில், காலையில், முழுச் சாவி கொடுத்துவிடுங்கள். ஹெச்.எம்.டி. ஜனதாவுக்குச் சாவி கொடுத்துப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்ப்பு உணரப்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். சாவி தீரும் நிலையில் இருக்கும் கடிகாரத்தில் குரோனோகிராஃபை ஓடவிட்டால், அந்தக் கூடுதல் சுமையால், இருபுறமும் ஊசலாடி நேரத்தைச் சீராக்கும் சமநிலைச் சக்கரத்தின் வீச்சு குறைந்து ஓட்டம் பிசகும்.

பிறகு வீட்டுக்குள் அமர்ந்து, பார்க்காமலே தொடங்கவும் நிறுத்தவும் விரலைப் பழக்குங்கள். கைபேசியின் வினாடிக் காட்டியோடு சேர்த்து 30 வினாடி ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். இருமுனைகளிலும் உங்கள் விரல் எவ்வளவு தாமதிக்கிறது என்பது சில முறைகளில் தெரிந்துவிடும். மனிதர் ஒளியைக் கண்டு விரலை அசைக்கச் சராசரியாக ஐந்தில் ஒரு வினாடி பிடிக்கும். ஒலியைக் கேட்டு அசைப்பது அதைவிடச் சற்றே விரைவானது. தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் தாமதம் இருப்பதால் ஒன்றை மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. ஈடாகாதது கவனக்குறைவால் வரும் தாமதம் மட்டுமே.

மூன்றாம் படி: அளப்பது

முதலில் உங்கள் இடம். அளப்பதற்காக மொட்டை மாடியிலோ களத்து மேட்டிலோ நிற்கக் கூடாது. திறந்த திண்ணையும் பாதுகாப்பன்று. கான்கிரீட் கூரை உள்ள வீட்டின் உள்ளே, சன்னல் கம்பியைத் தொடாமல், வெளிவானம் தெரியும்படி அமருங்கள். மேற்கூரையும் கண்ணாடியும் மூடிய காருக்குள்ளும் அளக்கலாம்.

முள் சுழியத்தில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பெருவிரலையோ ஆட்காட்டி விரலையோ மேல் பொத்தானில் இலேசாக வைத்து வானத்தைப் பாருங்கள், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். மின்னல் வெட்டியவுடன் அழுத்துங்கள். அதன் பிறகு காது கொடுங்கள். இடியின் முதல் ஓசை, அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், கேட்டவுடன் மறுபடி அழுத்துங்கள். முழக்கம் உச்சத்தை எட்டும் வரை காத்திருப்பதுதான் புதியவர்கள் பொதுவாகச் செய்யும் பிழை. மின்னல் ஒரு புள்ளியில் நிகழ்வதன்று, பல கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. அதன் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஓசை வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால்தான் இடி உருண்டுகொண்டே போகிறது. முதல் ஓசை உங்களுக்கு மிக அருகில் உள்ள பகுதியிலிருந்து வருவது, பாதுகாப்புக்கு அதுவே முக்கியம். தெற்கே நெல்லியாம்பதி மலைச்சுவர் ஓசையைத் திருப்பி அனுப்பும் கொல்லங்கோடு பக்கத்தில் எதிரொலியும் சேர்ந்து முழக்கம் நீண்டு ஒலிப்பதால், முதல் ஓசையில் நிறுத்தும் விதியை அங்கே இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

நின்ற முள்ளை நேர் எதிராக வைத்துப் படியுங்கள். சாய்த்துப் பார்த்தால் முள் பக்கத்துக் கோட்டின் மேல் நிற்பது போலத் தோன்றும். முள் காட்டும் டெலிமீட்டர் எண்தான் கிலோமீட்டரில் தொலைவு, கணக்கு எதுவும் போட வேண்டாம். படித்து முடித்ததும் கீழ்ப் பொத்தானை அழுத்தி முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். முள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தக் கூடாது. ஃப்ளைபேக் வகைக் கடிகாரங்களில் மட்டுமே அது அனுமதிக்கப்பட்டது. 1936இல் வந்த லாஞ்சீன் 13இசட்என் அத்தகைய இயந்திரங்களில் புகழ்பெற்றது. ஓடும் முள்ளை ஒரே அழுத்தத்தில் சுழியத்துக்குக் கொண்டுவந்து உடனே மறுபடி ஓடச் செய்யும் இவ்வசதி, அடுத்தடுத்து மின்னும் வானத்தில் பெரிதும் உதவும்.

இரண்டாவது மின்னல் முதலாவதன் இடி வருவதற்குள் வெட்டிவிட்டால், எந்த இடி எதற்கு உரியது என்று தெரியாமல் போகும். திசையைக் கொண்டு ஓரளவு பிரித்தறியலாம். மின்னல்கள் அதைவிடவும் நெருங்கி வந்தால் அளப்பதை விட்டுவிடுங்கள், அந்த அளவுகள் ஏமாற்றும். முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியும் ஓசை வரவில்லை என்றால் அதையும் விட்டுவிடலாம். உயரே செல்லச் செல்லக் காற்று குளிர்ந்துகொண்டே போவதால் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடுகிறது. ஆகவே ஏறத்தாழ 15, 20 கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டும் மின்னலின் இடி நிலத்தில் நிற்பவருக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை.

நான்காம் படி: நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்பத் திருத்துவது

இந்தப் பகுதியைப் பெரும்பாலான கடிகாரக் குறிப்பேடுகள் சொல்வதே இல்லை. ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தோடு கூடும். சுழியம் டிகிரி செல்சியஸில் அது வினாடிக்கு ஏறத்தாழ 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். வினாடிக்கு 333 மீட்டர் என்ற கணக்கு ஏறத்தாழ மூன்று டிகிரிக் குளிருக்குத்தான் பொருந்தும். 340 மீட்டர் என்பது 15 டிகிரிக்கு உரியது. பாலக்காட்டில் சித்திரை மாதப் பிற்பகலில் 35 டிகிரியில் ஒலி வினாடிக்கு 352 மீட்டருக்கு மேல் செல்கிறது. மழைக்கு முந்திய குளிர்காற்று வீசி 27 டிகிரிக்கு இறங்கினாலும் 347க்குக் குறைவதில்லை.

எனவே 60 வினாடிக்கு நேராக 20 என்று அச்சிட்ட கடிகாரத்தில், படித்த எண்ணோடு வெயில் காலத்தில் நூற்றுக்கு ஐந்தரையும், மழை கட்டிய மாலையில் நூற்றுக்கு நான்கும் கூட்டுங்கள். 340 மீட்டர்க் கடிகாரத்தில் முறையே மூன்றரையும் இரண்டும் கூட்டினால் போதும். எடுத்துக்காட்டாக, 18 வினாடி கழித்து இடி கேட்டால் முதல் வகைக் கடிகாரம் 6 கிலோமீட்டர் காட்டும். 27 டிகிரியில் உண்மைத் தொலைவு ஆறேகால் கிலோமீட்டர். இடியைப் பொறுத்தவரை இந்தத் திருத்தம் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை, ஏனெனில் கடிகாரம் மின்னலை உண்மையைவிட அருகில் இருப்பதாகக் காட்டி எச்சரிக்கையின் பக்கமே சாய்கிறது. அளவின் நேர்மையை விரும்புபவர் இதை விட்டுவிட மாட்டார்.

காற்றின் திசையும் ஓரளவு பங்கு வகிக்கிறது. வடக்கே நீலகிரித் தொடருக்கும் தெற்கே ஆனைமலைத் தொடருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் வழியே காற்று குவிந்து வீசும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பதற்கும் அதுவே காரணம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று மின்னலின் பக்கமிருந்து உங்களை நோக்கி வீசினால் ஓசை நூற்றுக்கு மூன்று பங்கு விரைவாக வந்துவிடும், எதிர்த்து வீசினால் அதே அளவு தாமதமாகும். குறுக்கே வீசும் காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

ஐந்தாம் படி: ஒரே அளவை நம்பாமல் தொடர்ந்து அளப்பது

ஒரு தனி அளவு, முடிந்துபோன ஒரு மின்னலின் இடத்தை மட்டுமே சொல்கிறது. அடுத்த மின்னல் எங்கே வெட்டும் என்பதை எந்தக் கடிகாரமும் சொல்லாது. ஆனால் வரிசையாக எடுத்த அளவுகள் இடிமேகம் செல்லும் போக்கைக் காட்டும். டெலிமீட்டரின் உண்மையான பயன் அதுவே.

ஒரு தாளில் நேரத்தையும் தொலைவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மேகத்தின் வெவ்வேறு பகுதிகளில் மின்னல் வெட்டுவதால் அளவுகள் ஏறியும் இறங்கியும் வரும். ஆகவே ஐந்து நிமிடத்துக்குள் எடுத்த அளவுகளில் மிகச் சிறியதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். சராசரி பார்ப்பது இங்கே தவறு. முதல் ஐந்து நிமிடத்தில் மிகச் சிறியது 24 வினாடி, அடுத்த ஐந்தில் 18, அதற்கடுத்த ஐந்தில் 13 என்று வந்தால், 8.3 கிலோமீட்டரிலிருந்து 4.5 கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்தில் மேகம் நெருங்கியிருக்கிறது. அதாவது மணிக்கு 23 கிலோமீட்டர் வேகம். இன்னும் கால் மணி நேரம்கூட ஆகாமல் அது தலைக்கு மேல் வந்துவிடும்.

இந்தக் கணக்கை வைத்து "இன்னும் பத்து நிமிடம் வேலை பார்க்கலாம்" என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. மேகத்தின் மழை விழும் பகுதியிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் மின்னல் வெட்டுவதுண்டு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைந்தவுடன், அதாவது முகப்பில் 10 என்ற எண்ணுக்கு முன் முள் நின்றவுடன், வெளியில் இருப்பவரை வீட்டுக்குள் அழைத்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே செல்ல வேண்டும். சித்தூர் வட்டாரத்தில் வயல் வரப்பெங்கும் தனித்து உயர்ந்து நிற்கும் கரிம்பனைகளின் அடியில் ஒதுங்குவது உயிருக்கு ஆபத்து. கேரள அரசு இடிமின்னலை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாகவே அறிவித்திருக்கிறது. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி மின்னல் எச்சரிக்கையைக் கைபேசிக்கே அனுப்புகிறது. கடிகாரத்தோடு அதையும் வைத்துக்கொள்ளுங்கள். அலைபேசிக் கோபுரம் மின்சாரமின்றி அணைந்துபோகும் மாலைகளில் கைச்சாவிக் கடிகாரம் மட்டும் எஞ்சும்.

ஆறாம் படி: அளவு சரிதானா என்று சோதிப்பது

இடத்தை உறுதியாக அறிந்த ஓர் ஒளியும் ஒலியும் கிடைத்தால் கடிகாரத்தையும் கையையும் ஒருசேரச் சோதித்துவிடலாம். மலையாள மீன மாதம் (பங்குனி) 20ஆம் நாள் நடைபெறும் நென்மாறா–வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழாவின் வாணவேடிக்கை இதற்கு மிகவும் ஏற்றது. கொல்லங்கோட்டிலிருந்து நென்மாறா நேர்கோட்டில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர், சோதனைக்கு அது அதிகத் தொலைவு. இடையில் மறைப்பில்லாத, மூன்று நான்கு கிலோமீட்டருக்கு உட்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுத்து, கைபேசி வரைபடத்தில் நேர்கோட்டுத் தொலைவை முன்னதாகவே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமாகப் பொரியும் வெடிகளில் எந்த ஒளிக்கு எந்த ஓசை என்று பிரிக்க முடியாது. தொடக்கத்திலும் இடையிலும் தனித்தனியாக வானில் வெடிக்கும் அமிட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பல அளவுகளை எடுத்து, இங்கே சராசரி பாருங்கள். திருத்தம் சேர்த்த பின் வரைபடத் தொலைவோடு நூற்றுக்கு இரண்டு மூன்றுக்குள் பொருந்தினால் உங்கள் அளவீட்டை நம்பலாம்.

பகலில் சோதிக்க இன்னொரு வழியும் உண்டு. பாறைமுகத்துக்கு நேராக நின்று ஓசை எழுப்பி, எழுப்பிய கணத்தில் தொடங்கி எதிரொலியில் நிறுத்துங்கள். ஓசை போய்த் திரும்பியிருப்பதால் டெலிமீட்டர் எண்ணில் பாதியே பாறையின் தொலைவு. மிகக் குறைந்த தொலைவில் இது பயன்படாது, குறைந்தது அரைக் கிலோமீட்டராவது வேண்டும்.

பராமரிப்பு

பழைய பாணிக் கடிகாரங்கள் பலவற்றின் பின்மூடியில் நீர் தாங்கும் அளவாக 30 மீட்டர் அல்லது 3 ஏடிஎம் என்று எழுதியிருக்கும். கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதே அதன் பொருள். மழையில் நனைந்த நிலையில் பொத்தான்களை அழுத்தினால் அவற்றின் தண்டு வழியே நீர் உள்ளே புகும். உலரத் துடைத்த பிறகே தொடுங்கள். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால் வெயிலில் வைத்துக் காயவைக்காமல் அன்றே கடிகாரப் பணியாளரிடம் கொண்டுபோய்ப் பின்மூடியைத் திறந்து உலர்த்தச் செய்யுங்கள். துருப்பிடித்த ஒரு சிறு ஸ்பிரிங்குக்கு மாற்று கிடைப்பது, குறிப்பாகப் பழைய இயந்திரங்களில், எளிதன்று.

குரோனோகிராஃபை எப்போதும் ஓடவிட்டு வைக்காதீர்கள். தொடங்கும் கணத்தில் முள் சிறிது துள்ளுவது பற்சக்கரங்கள் பக்கவாட்டில் வந்து கோக்கும் வகையில் இயல்பானது, அந்தத் துள்ளலுக்காகப் பழுதுபார்க்கத் தேவையில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இடுவது போதுமானது. கோயம்புத்தூரிலோ பாலக்காட்டிலோ கொடுக்கும்போது, குரோனோகிராஃப் இயந்திரத்தைப் பிரித்துப் பழகியவரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். திரும்பப் பெறும்போது கடையிலேயே முள்ளைச் சில முறை ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் 12க்கு நேராக வந்து நிற்கிறதா, ஒரு நிமிடச் சுற்று முடிந்ததும் குரோனோகிராஃபின் நிமிட முள் ஒரு கோடு நகர்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.